படத்துக்கு அடியில் ஒரு வரி

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகுதான் காமிராவைக் கையில் எடுத்தேன். சினிமாவிலிருந்து ஒரே ஒரு காட்சியை வெட்டி எடுத்ததுபோல் என் படங்கள் இருக்க வேண்டும் என்று ஆசை. முன்னால் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று பார்ப்பவர் மனமே கதை சொல்லிக்கொள்ள வேண்டும். சிவகாசியில் அதற்கான முகங்களுக்குப் பஞ்சமில்லை. அச்சகங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் அந்தி நேரத்தில் நின்றால் போதும்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெண் குடியிருந்தார். அவரும் கணவரும் ஆனைக்குட்டம் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவர் பேக்கிங் பிரிவில், கணவர் வெடிமருந்து கலக்கும் அறையில். அவர்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கான பாஸ்போர்ட் சைஸ் படங்களை நான் சும்மாவே எடுத்துக் கொடுத்திருந்தேன். ஆகவே நான் படத்துக்கு நிற்கச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. அது தெரிந்துதான் கேட்டேன்.

மழை விட்ட சாயங்காலம். கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தவரை அச்சகச் சுவரோரம் நிறுத்தினேன். சுவர், புடவை, வானம் எல்லாம் ஒரே நீலச் சாம்பல். நெற்றிப் பொட்டு மட்டும் கண்ணைக் குத்தியது. அதை எடுத்துவிடச் சொன்னேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஒட்டுப் பொட்டுதான சார்" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லி, அதை உரித்து வளையலில் ஒட்டிக்கொண்டார். தாலியை உள்ளே தள்ளச் சொன்னதும் நான்தான். அவர் முகத்தில் கூச்சமும் பயமும் வந்த நேரம் பார்த்து எடுத்தேன். பின்னால் எல்லாரும் அதைத் துக்கம் என்றார்கள்.

சென்னையில் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். உண்மை வாழ்க்கையை எடுத்த படங்களுக்கான பிரிவு. படத்துக்கு அடியில் ஒரு வரி கேட்டார்கள். ‘வெடிவிபத்தில் கணவனை இழந்தவள், சிவகாசி’ என்று எழுதினேன். கைதவறி எழுதவில்லை, யோசித்தே எழுதினேன். வரி இல்லாவிட்டால் அது சுவரோரம் நிற்கும் ஒரு பெண்ணின் படம், அவ்வளவுதான். பரிசு கிடைத்தது. படம் இணையத்தில் வந்தது.

கொஞ்ச நாளில் சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் விபத்து. யாரோ என் படத்தை அந்த வரியோடு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அதை நம்பி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோவில்பட்டியிலிருந்து கணவரின் அத்தை ஒருவர் மாலையோடு வந்து இறங்கினார். தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் எதிரே போய், "யாருக்கு அத்தே மாலை?" என்று கேட்டாராம். தெருவே அன்று சிரித்தது. நானும் சிரித்தேன்.

கம்பெனியில் யாரும் சிரிக்கவில்லை. மருந்து அறையில் சாமி கும்பிடாமல் மருந்து சலிக்கும் சல்லடையைத் தொட மாட்டார்கள். அபசகுனமாக ஒரு சொல் விழுந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். மாலை வந்துவிட்ட ஆளோடு, அதுவும் பெண்டாட்டி பொட்டில்லாமல் நிற்கும் படம் ஊரெல்லாம் சுற்றும்போது, ஒரே அறையில் நிற்க மாட்டோம் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள். போர்மேன் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாக என் வீட்டுக்கு வந்தார்கள்.

"என்னையச் சாகடிக்கிறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்" என்றார் கணவர். குரலில் கேலி இருந்தது, முகத்தில் இல்லை. "அது போகட்டும். இவ நெத்திப் பொட்டை எதுக்குக் கம்ப்யூட்டர்ல அழிச்சீக?"

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. படத்துக்காக அழித்தேன் என்று நானும் சொன்னேன்.

கணவர் கேட்டது ஒன்றுதான். திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் எல்லாருக்கும் முன்னால் வந்து, அந்த வரி பொய், பொட்டில்லாததும் பொய் என்று நான் சொல்ல வேண்டும். "போர்மேனே உங்களைக் கூட்டியாரச் சொல்லிட்டாரு. படிச்சவுக நீங்க சொன்னா நம்புவாக. எனக்கு இம்புட்டுதான் வேணும்" என்றார். வருகிறேன் என்றேன்.

அந்த நேரத்தில் சென்னையில் என் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்துவதாகப் பேச்சு. நடுவில் மாட்டப்போவது அந்தப் படம். கேட்டில் நான் பேசினால் யாராவது செல்போனில் பிடிப்பார்கள், பரிசும் கண்காட்சியும் போய்விடும். திங்கட்கிழமை காலை அவர்கள் கேட்டில் காத்திருந்தபோது நான் ரயிலில் இருந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று பிறகு சொல்லியனுப்பினேன். அதுவும் பொய்.

கண்காட்சி முடிந்து திரும்பியபோது கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் நான் போர்மேனைப் போய்ப் பார்த்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து முழுவதும் கேட்டார்.

"அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நின்னாக சார், ரெண்டு பேரும். நீங்க வரலேன்னதும், அப்ப என்னமோ இருக்குன்னு சந்தேகப்படாதவனும் சந்தேகப்பட்டுட்டான். இப்ப அங்கன வேற ஆளு நிக்கான், பிள்ளைகுட்டிக்காரன். அவனை வெளிய போகச் சொல்லவா?"

நேரே அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். போட்டிக்காரர்களுக்கு எழுதிப் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், உங்கள் வீட்டுக்காரர் தீபாவளிக்கு வரும்போது நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். வாசல்படியில் நின்றபடியே கேட்டார்.

"எல்லாத்தையும்னா?"

நான் அவர் நெற்றிப் பொட்டைப் பார்த்தேன்.

"வேண்டாம் சார். நீங்க சொல்லி முடிச்சிட்டு உங்க வீட்டுக்குப் போயிருவீக. நான்ல அவுகளோட இருக்கணும்."

பரிசைத் திருப்பிக் கொடுத்தேன். தீபாவளிக்குக் கணவர் வந்தார், நான் எதுவும் சொல்லவில்லை. மகளின் முழுப்பரீட்சை முடிந்ததும் வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லாரும் திருப்பூருக்கே போனார்கள். லோடு ஆட்டோவில் சாமான் ஏற்றும்போது என் வீட்டுப் பக்கம் யாரும் திரும்பவில்லை. நான் ஜன்னலை ஒட்டி உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.