போதகரின் புத்தகத்தில் மஞ்சள் கறை

ஐம்பது வயதுக்கு மேலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவன் நான். பயம் மட்டும் பதினாறு வயதுப் பொடியனுடையது. அன்று ஒஸ்லோவில், பழைய புத்தகங்கள் பார்க்கும் அந்த வாசிப்பறையில் எனக்கு வியர்த்ததைப் பிடித்து வைத்திருந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும்.

கட்டுரையின் கேள்வி இதுதான்: இடைக்கால இறையியலாளரை இருட்டுக்காலத்து ஆட்கள் என்று ஏசிய திருச்சபைச் சீர்திருத்தக்காலத்து அறிஞர்கள், இரகசியமாக அவர்களிடமே படித்தார்களா? படித்தார்கள் என்று வகுப்பில் வாய் கிழியச் சொல்லிவிட்டேன். கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. அதைத் தேடித்தான் அந்தப் புத்தகத்தைக் கேட்டு எடுத்தேன். எழுதியவர் இடைக்காலத் துறவி. பிற்காலத்தில் அதை வைத்திருந்தவர் ஒரு லூத்தரன் போதகர். ஓரமெல்லாம் போதகர் லத்தீனில் திட்டி எழுதியிருந்தார்: பொய், குப்பை, கழுதை. பக்கத்துக்குப் பக்கம் என் கட்டுரை செத்துக்கொண்டிருந்தது.

கடவுள் இருக்கிறார் என்று துறவி நிறுவும் பக்கத்துக்கு வந்தேன். ஓரத்தில், பெருவிரல் அளவில், மஞ்சளாய் ஒரு கறை. என் பெருவிரலைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள். காலமை, நகரத்து ஓரம் புருசெத்தில் இருக்கிற எங்கடை வீட்டில் புட்டையும் கிழங்குக் கறியையும் கையால் குழைத்து அடித்துவிட்டு வந்தவன் நான்.

வெளியே ஓடிப்போய் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேரும், கறிக்கு எவ்வளவு மஞ்சள் போட்டனீர்?"

"ஏன், வயித்தைக் கலக்குதோ?"

"பழைய புத்தகத்திலை கறை பட்டிட்டுது. என்னைக் கலைச்சுவிடப் போறாங்கள். படிப்பும் போச்சு."

"கை கழுவினனீங்களோ?"

"கழுவினனான்."

"சவுக்காரம் போட்டோ?"

நான் இருமினேன்.

"போய் உள்ளதைச் சொல்லுங்கோ. ஓடினா இன்னும் கேவலம்."

சொன்னேன். நூலகப் பெண்மணி உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்தார். கலியாண மேடையில்கூட நான் அவ்வளவு அடக்கமாக நின்றதில்லை.

"நீங்கள் இல்லை," என்றார் நோர்வேஜிய மொழியில். "இது பழைய எண்ணெய். இதன்மேல் எழுதியதால்தான் மை ஒட்டாமல் உடைந்திருக்கிறது. ஓரக்குறிப்பு எழுதப்படும் முன்பே கறை வந்துவிட்டது."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். எண்ணெய்க்கு மேலே போதகரின் அதே கையெழுத்து. உடைந்து உடைந்து ஒரேயொரு லத்தீன் சொல், 'ஆமாம்' என்று பொருள். எங்கடை வாயால் சொன்னால்: ஓம்.

பரபரவென்று பின்னுக்குப் புரட்டினேன். திட்டு நிறைந்த பக்கங்களெல்லாம் பளிச்சென்று சுத்தம். இந்தப் பக்கத்தை மட்டும் மனுஷன் சாப்பாட்டு மேசை வரை கொண்டுபோயிருக்கிறார்.

படம் எடுக்கலாமோ என்று கேட்டேன். குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஆதாரம் கிடைத்துவிட்டதே, இனிக் கட்டுரையை எழுதியே ஆகவேண்டும்.