பதுங்கு குழியில் அடுப்பு

மயிலாப்பூர், 1942. ஜப்பான் குண்டுக்குப் பயந்து பாதித் தெரு காலியாகிவிட்டது. மிஞ்சியவர்கள் ஒன்றாகச் சமைக்கிறார்கள். அதுவும் பதுங்குவதற்கென்று தெருவில் வெட்டிய குழியிலேயே நெருப்பு மூட்டி. வழிப்போக்கனான எனக்கும் இலை உண்டாம்.

"அபாயச் சங்கு ஊதினா எங்கே ஒளிவீங்க?" என்று கரண்டி பிடித்த பூக்காரம்மாவைக் கேட்கிறேன்.

"அதுக்குன்னு பட்டினி கெடக்க சொல்றியா நைனா? குந்து, சோறு வெந்துகினு கீது."

சங்கு ஊதுகிறது. குழி முழுக்கத் தணல். குழந்தைகளை அள்ளிக்கொண்டு எல்லோரும் திகைத்து நிற்க, விருந்துக்கு வராத எதிர்வீட்டு வக்கீல் கதவைத் திறக்கிறார்.

"நிக்காதேங்கோ! ஆத்துக்குள்ள வாங்கோ!"

அந்த வீட்டுக்குத் தெருவில் நின்றே பூக் கொடுப்பவள் படியில் தயங்குகிறாள். "கூடம் வரைக்குமா சாமி?"

"சமையலுள்ளுக்கே போ! அங்கதான் சுவர் கனம்."

சங்கு அலறுகிறது. அவள் கால் கழுவத் தண்ணீர் தேடுகிறாள்.