ஸ்கூட்டர் சாவியை வைத்து ஆடிய போக்கர்

என் பிறந்த வீட்டில் சீட்டுக்கட்டை எடுத்தால் ஜாக்கிதான் எல்லோருக்கும் பெரியவன். அடுத்தது ஒன்பது. பிறகுதான் ஆஸ். ராஜாவும் ராணியும் கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி பின்னால் நிற்பார்கள். முந்நூற்று நான்கு என்கிற ஆட்டம் அது. எங்கள் சின்ன காஞ்சிபுரத்துப் பக்கம் கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்த கையோடு ஒரு மூலையில் அது தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எல்லோருடைய சீட்டையும் புரட்டிப் போட்டு, யார் எங்கே தப்புச் செய்தார்கள் என்று சண்டை போடுவோம். ஆட்டத்தைவிட அந்தச் சண்டைதான் நீளம்.

இப்படி வளர்ந்தவளுக்கு இந்தக் கோடையில் என் மகள் போக்கர் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவாள். வாலாஜாபாத் அரிசி ஆலைப் பக்கம் யாரோ மூட்டையிலிருந்து சிந்திவிட்டுப் போன உமியில் ஒரு காலை வண்டி சறுக்கியது. கால் எலும்பு முறிந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் அதோடு போயிற்று. அன்று செய்தி வந்தபோது ஒலித்த ரிங்டோனை மாற்றிவிட்டேன். இருந்தும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்றும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.

எனக்குப் பள்ளி விடுமுறை, அவளுக்கு மாவுக்கட்டு. மதியம் முழுவதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். "வலிக்குதா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தது தாங்காமல்தான் அவள் சீட்டுக்கட்டை எடுத்தாள் என்று நினைக்கிறேன். ஆபீஸ் கேண்டீனில் சும்மா ஆடிப் பழகியதாம். எங்களுக்குப் பந்தயப் பொருள் புளியங்கொட்டை.

முதலில் சொல்லிக்கொடுத்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். பொதுவாக ஐந்து சீட்டு நடுவில். ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் நான் அதில் கால் ஊன்றுவதற்குள் அவள் அடுத்ததற்குத் தாவிவிட்டாள். கையில் நான்கு சீட்டு, அதில் சரியாக இரண்டைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு போக்கர். வேண்டாத சீட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்கிற போக்கர். இருப்பதிலேயே மட்டமான கை ஜெயிக்கிற போக்கர்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் நான் ஜாக்கி ஜோடியைக் கெத்தாக விரித்தேன். அவள் கட்டுப் போட்ட காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"மா, இதுல ஜோடி சேந்தாலே அவுட்டு. நீ இன்னாடான்னா மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஜாக்கிய கூட்டிக்கினு வர்ற!"

"ஒரு ஆட்டத்த ஒழுங்கா ஆடலாமேடி. அதையே ஆடினா கை பழகும்."

"ஒரே ஆட்டம் ஆடினா நீ இன்னா வச்சிருக்கனு மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். நாலு தெரிஞ்சாதான் கெத்து."

உள்ளே கம்ப்யூட்டரில் பட்டுச் சேலைக்கு பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்த என் கணவர், யாரும் கேட்காமலேயே தீர்ப்பு சொன்னார். "உங்கம்மா இருபது வருஷமா ஒரே பாடம் நடத்துறா. ஒரே மாதிரிதான் ரசம் வைக்கிறா. அவள மாத்த முடியாது, வுடும்மா."

"ரசத்துல இன்னா குறை?"

"குறையே இல்லையே! அதான் சொல்றேன்."

நான் மாறவில்லை. சீட்டுப் போடுகிற முறை எனக்கு வந்தால் இரண்டு சீட்டு ஆட்டம்தான். அவள் முறையில் என்னென்னவோ வரும், நான் தோற்பேன். என் முறையில் மெல்ல மீட்டுக்கொள்வேன். நல்ல சீட்டு வந்தால் அவள் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். பால்குடி மறந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த உதடு. எந்த போக்கரிலும் அது மாறவில்லை. அதனால் எனக்கு ஒரே ஆட்டம் போதுமாக இருந்தது. பழைய பழக்கம் ஒன்றைத்தான் விட முடியவில்லை. சுற்று முடிந்ததும், ஜெயிக்காது என்று அவள் விட்டுக்கொடுத்துக் கவிழ்த்து வைத்த சீட்டைப் புரட்டுவேன். "மா! வச்ச சீட்ட பாக்கக் கூடாதுனு எத்தன தடவ சொல்றது?" என்று கையைத் தட்டிவிடுவாள்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். நன்றாக நடந்தாள். வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. கம்பெனி பஸ்ஸில் போ என்றேன் நான். பஸ் வருகிற நேரம் ஒத்துவராது, ஸ்கூட்டர்தான் என்றாள் அவள். சாவி என் கைப்பையில் இருந்தது. ஒரு வாரம் இதே பேச்சு. அவள் அப்பா சலித்துப்போய்ச் சொன்னார்: "ஊருக்கே கேக்குது. ரெண்டு பேரும் சீட்டாடி முடிவு பண்ணிக்கோங்கமா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் சாவியை நடுவில் வைத்தோம். நான் ஜெயித்தால் பஸ். அவள் ஜெயித்தால் ஸ்கூட்டர். யார் சீட்டுப் போடுகிறார்களோ அவர்கள் சொல்கிற ஆட்டம்.

அவள் முறைகளில் என் புளியங்கொட்டை கரைந்தது. நான்கு சீட்டு ஆட்டத்தில் ஒற்றை இஸ்பேட்டை வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த நான்கு இஸ்பேட்டோடு சேர்த்து, ஒரே ஜாதியில் ஐந்து என்று விரித்துவிட்டேன். கையிலிருந்து இரண்டு எடுக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. என் முறைகளில் இழந்ததை இழுத்துப் பிடித்தேன். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தபோது இருவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு குவியல் இருந்தது.

என் முறை. இரண்டு சீட்டு. எடுத்துப் பார்த்தால் ஜாக்கி, ஜாக்கி! பிறந்த வீட்டு ரத்தம் துள்ளியது. நடுவில் ஒரு ராஜா, ஒரு ஒன்பது, பிறகு சில்லறைச் சீட்டுகள் விழுந்தன. நான் கொட்டையை நடுவில் தள்ளத் தள்ள அவளும் தள்ளினாள். கடைசிச் சீட்டு விழுந்ததும் என்னிடம் இருந்ததை மொத்தமாகத் தள்ளினேன். அவளிடம் மிஞ்சியது சில கொட்டைகள்தான். இவ்வளவு போட்ட பிறகு அதைப் போடாமல் யாரும் விடமாட்டார்கள். எனக்கே அது தெரியும்.

அவள் சாவியைப் பார்த்தாள். சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"போதும்மா. நீயே ஜெயிச்சிக்கோ. நான் பஸ்லயே போறேன்."

நான் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தேன். இன்னொரு கை, எப்போதும் போல, அவள் சீட்டைப் புரட்டியது. இந்தத் தடவை அவள் தட்டிவிடத் தாமதித்துவிட்டாள்.

ராஜா, ராஜா. நடுவில் இருந்ததோடு சேர்த்தால் மூன்று.

ஜாக்கிதானே பெரியது என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. மூன்று ராஜா என் ஜோடியை அடித்துவிடும் என்கிற கணக்கு பிறகுதான் ஏறியது. அந்தக் கீழுதடும் ஞாபகம் வந்தது. மூன்றாவது ராஜா விழுந்ததிலிருந்தே அவள் அதை உள்ளே இழுத்து வைத்திருந்தாள். நான் என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன்டி வச்ச?"

"கவனிக்கல."

"நாலு போக்கர் தெரிஞ்சவளுக்கு ராஜா கண்ணுக்குத் தெரியலையா?"

அவள் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினாள். "நேத்து நீ கடைக்குப் போனப்ப வண்டி மேல உக்காந்து பாத்தேன். ஸ்டாண்டு கூட எடுக்கல. பயமா இருந்துச்சு. ஆபீஸ்ல ஏன் பஸ்ஸுனு கேட்டா டைம் சரியா இருக்குதுனு எதனா சொல்லிக்கலாம். உங்கிட்ட சொன்னா நீ அழுவ."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சாவி என் கையில் இருந்தது. பஸ் என்று அவளே சொல்லிவிட்டாள். பயந்துகொண்டு இவள் பஸ்ஸில் போவதையா நான் கேட்டேன்? வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு என் நடுக்கத்தைக் கொஞ்சம் அவளுக்கும் ஊட்டிவிட்டேனோ என்று தோன்றியது.

எழுந்து இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"ஓரிக்கை வரைக்கும். நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காருறேன்."

"நீயா? அப்பா ஓட்டினாலே கண்ண மூடிக்கினு வருவ."

"இப்பவும் மூடிக்கிறேன். ரோட்ட நீ பாத்துக்கோ."

தெருமுனை வரை வண்டி நடக்கிற வேகத்தில்தான் போனது. தறிச் சத்தம் கேட்கிற வீடுகளைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் தோள் இறுகியது. வண்டியை ஓரம் கட்டினாள். லாரி கடந்து போனது. பிறகு அவளாகவே கிளம்பினாள்.

"மா, இடுப்ப வுடு. மூச்சு முட்டுது."

"முட்டட்டும். ஓட்டு."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் வாய் மட்டும் தெரிந்தது. கீழுதடு உள்ளே போயிருந்தது.