இழுத்துப் பார்க்காத முனை

பல் செட் செய்யும் அந்த லேபில் எல்லாருக்கும் அவள் கம்பியக்கா. பதினெட்டு வருஷமாகக் கம்பியை வளைக்கிறாளே தவிர, வேலை நேரத்தில் ஒரு நாளும் கம்பி நீட்டியதில்லை என்று முதலாளியே கேலி செய்வார்.

பால்பல்லைச் சொத்தை தின்று, டாக்டர் காலத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் சும்மா இருக்குமா? காலியிடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்னால் முளைக்கிற பல்லுக்கு வழி இருக்காது. அதற்காகத்தான் பக்கத்துப் பல்லில் ஒரு வளையம், அதிலிருந்து இடைவெளியைத் தாண்டி அடுத்த பல்லைத் தொட்டு வளையத்துக்கே திரும்பும் கம்பி. கம்பியின் இரண்டு முனைகளையும் வளையத்தில் பற்றவைத்து, குறடால் இரண்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் டப்பாவில் போடுவாள். புதிதாக வந்த பெண்கள் இழுக்காமல் விட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவாள்.

"குழந்தை வாய்டி அது, குப்பைத்தொட்டி இல்ல!"

இத்தனைக்கும் எந்தக் குழந்தையையும் அவள் பார்த்ததில்லை. அவளிடம் வருவது வெள்ளை மாவில் வார்த்த பல் அச்சு மட்டும்.

ஒரு புதன்கிழமை, ஒரு முனையைத்தான் இழுத்தாள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறேகாலுக்கு. பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஞாபகம் வந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். காலையில் டப்பா கிளினிக்குக்குப் போய்விட்டிருந்தது. போன் போட்டுத் திரும்ப வாங்கியிருக்கலாம். போடவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு பெண், லேபின் பெயர் ஒட்டிய டப்பாவோடு வந்தாள். உள்ளே கழன்ற கம்பியும் வளையமும். அவளுடைய ஆறு வயது மகள் பள்ளிக்கூடத்தில் சிரித்துக்கொண்டே ஓடும்போது கம்பி கழன்று மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொண்டது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

"ஒட்டுற மிட்டாய் குடுத்திருப்பீங்கன்னு பல் டாக்டர் சொல்றாரு. அன்னிக்குக் காலையில நான்தான் குடுத்தேன். ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிச்சா. செஞ்சவங்களுக்குத் தெரியும்ல? நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா."

கம்பியின் வளைவைப் பார்த்ததுமே அது தன் கைவேலை என்று கம்பியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. லென்ஸை எடுத்துப் பார்த்தாள். மிட்டாய் இழுத்திருந்தால் கம்பி நெளிந்திருக்கும். நெளியவில்லை. ஒரு முனை ஒட்டவே இல்லை. வளையத்தில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. மற்ற முனை ஒற்றையாகத் தாங்கித் தாங்கி முறிந்திருந்தது. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"மிட்டாயால இல்லம்மா. தப்பு என்னோடது. ஒரு முனைய நான் இழுத்துப் பாக்கல. பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

அந்தப் பெண் அவளையே வெறித்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"என் மனசு ஆறணும்னு பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்களே! என்னைப் பெத்த அம்மாவே கொலைகாரின்னு சொன்னா. நீங்க நல்லா இருக்கணும்க்கா."

"இல்லம்மா..." என்றாள் கம்பியக்கா. இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். சொல்லும் தைரியம் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் திரும்பினாள்.

"எல்லார்கிட்டயும் என் கதையச் சொல்லுங்கக்கா. மிட்டாய் மட்டும் குடுத்துடாதீங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் கம்பியக்கா.