நூர்முகமதின் மெதுவான கம்ப்யூட்டர்

புதுப்பட்டினத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு இரண்டு பேர் இருக்கிறோம். நான் ஜெகதீசன். இன்னொருவன் நூர்முகமது. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு பேரைத்தான் சொல்வார்கள். அது என் பேர் இல்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

அப்படி என்ன பெரிய ஆள்? அவன் பத்தாவது, நான் டிப்ளமோ. கடல் காற்றில் துருப்பிடித்த போர்டைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அரை நாள் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவேன். ஆனாலும் ஜனங்கள் அவனுக்குத்தான் டீ வாங்கித் தருவார்கள்.

யோகேஸ்வரியக்காவின் கல்யாண வீடியோ ஸ்டூடியோவும் அவன் கையில்தான் இருந்தது. அங்கே கேமரா கார்டுகளை ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். 'முடிந்தது' என்று திரையில் வந்ததும் கார்டை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது வழக்கம். நூர் அந்த மெஷினை ஆமை மாதிரி வைத்திருந்தான். டிஸ்க்கில் உண்மையாகவே எழுதிய பிறகுதான் அது 'முடிந்தது' என்று சொல்லும்.

அக்கா சலித்துக்கொண்டால், "பக்கத்துல ஐஸ் கம்பெனி கீதுக்கா. மோட்டார் போட்டா கரண்ட் புட்டுக்குது. லேட்டானா இன்னா இப்போ?" என்பான்.

போன வைகாசியில் அவன் மகள் இனாயாவுக்கு நிக்காஹ். வீடு தேடி வந்து பத்திரிகை கொடுத்தான். துபாய் மாப்பிள்ளை. என் மகளுக்கு இன்னும் ஒரு வரனும் தகையவில்லை. நான் போகவில்லை.

அன்று காலை அக்கா போன் செய்தாள். "பாய் கல்யாணத்துல கீறாரு. மெஷின் ரொம்ப இழுக்குது. நீ வந்து பாரேன்."

ஓடினேன். வருவதெல்லாம் முதலில் மெமரியில் தங்கட்டும், டிஸ்க்குக்கு ஆற அமரப் போகட்டும், 'முடிந்தது' என்று மட்டும் உடனே சொல்லட்டும் என்று செட்டிங்கை மாற்றினேன். கரண்ட் போனால் மெமரியில் இருப்பது போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்ததும் தெரியும். ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லட்டுமே என்றிருந்தது.

"இன்னா ஸ்பீடு ஜெகா! இத்தினி நாளா பாய் இன்னா பண்ணிகினு இருந்தாரு?" என்றாள் அக்கா. எனக்குக் கோடையில் மோர் குடித்ததுபோல இருந்தது.

சாயங்காலம் இனாயாவின் கல்யாணத்தைப் படம்பிடித்த கேமரா கார்டுகள் மளமளவென்று ஏறின. கேமராக்காரர் சின்னராசு அவற்றை அழித்து, திருக்கழுக்குன்றத்து ரிசப்ஷனுக்கு எடுத்துப் போய்விட்டார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் ஐஸ் கம்பெனியில் மோட்டார் போட்டார்கள். கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் திறந்து பார்த்தால் பந்தி இருந்தது, மாப்பிள்ளை அழைப்பு இருந்தது. கடைசியாக ஏற்றிய கார்டு மட்டும் பேரோடு நின்றது, உள்ளே ஒன்றுமில்லை. அதில்தான் நிக்காஹ் இருந்தது. அழித்த கார்டின் மேல் வேறு யாருடைய கல்யாணமோ ஏறிவிட்டது.

நூர் வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தான். நானும் போய் நின்றேன். செட்டிங் ஃபைலைத் திறந்தான். கடைசியாக மாற்றிய தேதியும் நேரமும் திரையில் தெரிந்தன: நேற்று, பதினொன்று இருபது. வெகு நேரம் அதையே பார்த்தான்.

"யார் தப்பு பாய்?" என்றாள் அக்கா.

"பேட்டரிக்கா. நான்தான் போன மாசமே மாத்தியிருக்கணும்."

இதிலும் நல்ல பேர் அவனுக்கே! என் காது கொதித்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் சொன்னான்: "பதினொண்ணே காலுக்கு நிக்காஹ் ஆரம்பிச்சுது மச்சான். உன்ன தேடினேன். வந்தவங்க போன்ல எடுத்ததயெல்லாம் கேட்டு வாங்கிகினு கீறேன். உன்கிட்ட ஏதாச்சும் கீதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

என் போனில் அன்றைக்குப் பதினொன்று இருபத்தைந்துக்கு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோ திரையில் புது ஸ்பீடு தெரிகிறது. ஊரில் நாலு பேருக்குக் காட்ட எடுத்து வைத்தேன்.