படகு கண்ணில் பட்டால்

சிரில் ஆர்மூகனுக்கு வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு படகுக்கு முன்னாலும் அவர் கதவைச் சாத்தியதில்லை.

கதவு என்றால் வீட்டுக் கதவு அல்ல, செல்டன்ரஸ்ட் ஊரின் மதகுக் கதவு. ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு, கனத்த கருங்காலி மரம், சங்கிலியில் தொங்கும். கடல் வற்றும்போது அதைத் தூக்கினால் ஊர்த் தண்ணீர் கால்வாய் வழியாக வெளியே போகும். கடல் ஏறும்போது இறக்கினால் கடல் வெளியிலேயே நிற்கும். ஊர் கடலைவிடத் தாழ்ந்து கிடப்பதால் ஒரு நாளைக்கு இரண்டு முறை இதைச் செய்தே ஆக வேண்டும், கல்யாணமானாலும் கருமாதியானாலும். டச்சுக்காரன் அடிமைகளை வைத்து மண் வெட்டி, அணை போட்டு, கடலிடமிருந்து இந்த நிலத்தைப் பிடுங்கினான். அடிமைகள் விடுதலையானதும் ஆங்கிலேயன் நம்மவர்களைக் கப்பலில் கொண்டுவந்து கரும்பு வெட்ட விட்டான். இருவரும் போய்விட்டார்கள். கடல் மட்டும் போகவில்லை.

சிரிலும் முதலில் கரும்பு வெட்டியவர்தான். முப்பத்திரண்டு வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டதால் மதகு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. பிற்பாடு கரும்பு ஆலையை மூடியபோது ஊரில் பாதிப் பேர் நடுத்தெருவில் நின்றார்கள், சிரிலின் வேலைக்கு மட்டும் ஆபத்தில்லை. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கடல் ஏறத்தானே செய்யும்.

வேலை போனவர்களில் சிலர் நெல்லுக்குப் போனார்கள், சிலர் மீனுக்குப் போனார்கள். மீன்காரர்களின் படகுகள் மதகுக்கு உள்ளே, கால்வாயில்தான் கட்டிக் கிடக்கும். கடலேற்றத்துக்குச் சற்று முன்னால், தண்ணீர் உள்ளும் இழுக்காமல் வெளியும் இழுக்காமல் தயங்கி நிற்கும் அந்தக் கால்மணி நேரத்தில், தூக்கிய கதவுக்கு அடியில் புகுந்து வந்துவிடுவார்கள். நேரம் தப்பினால் ஆறேழு மணி நேரம் வெளியே கிடக்க வேண்டும், மீன் நாறிவிடும். அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது: படகு கண்ணில் பட்டால் கதவு விழாது. மதகுத் தூணில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தொடுவதற்குள் கதவு இறங்கிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் எதிரே படகு தெரிந்தால் சட்டம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பத்து நிமிஷம், சில நாள் இருபது நிமிஷம். ஒரு குடியும் முழுகியதில்லை.

ஏன் முழுகவில்லை என்று யாரும் யோசித்ததில்லை. சிரில் யோசித்தார். மதகுக்கு வெளியே முக்கால் மைல் தூரத்துக்குச் சேறு கிடந்தது. அமேசான் ஆறு கக்கும் சேறு திட்டுத்திட்டாகக் கரையை ஒட்டி மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு திட்டு ஓர் ஊரின் முன்னால் பத்து வருஷம் உட்காரும், இருபது முப்பது வருஷம்கூட உட்காரும், பிறகு எழுந்து அடுத்த ஊருக்குப் போகும். அது இருக்கும்வரை அலை அதன்மேல் புரண்டு, சோர்ந்து, பருப்புத் தண்ணீர் மாதிரிதான் மதகுக்கு வந்து சேரும். சிரிலின் வேலைக்காலம் முழுவதும் சேறு இருந்தது. அந்த வழக்கமும் சேறு வளர்த்த பிள்ளைதான்.

இரண்டு வருஷமாகச் சேறு கரைந்துகொண்டே வந்து, போன மழைக்காலத்தோடு சுத்தமாகப் போய்விட்டது. ஊருக்கு ஒரே கொண்டாட்டம். வாய்க்கால் அடைப்பில்லை, மழைத்தண்ணீர் மடமடவென்று வடிகிறது, நெல் வயல் இரண்டே நாளில் காய்கிறது. சிரில் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். மாசி மாதத்தில் ஒரு நாள் எனிட் அம்மாளின் கடையில் நாலு பேர் இருந்த நேரம் பார்த்துச் சொன்னார்:

"இனிமே கோடு தொடறதுக்கு முன்னாடி கதவு எறங்கிடும். படகு தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி."

எனிட் அம்மாள் உப்பு மீனை நிறுத்துக்கொண்டிருந்தாள். கறுப்பினத்தவள், ஊரில் பாதிப் பேர் அவள் சொல்லுக்குத்தான் கட்டுப்படுவார்கள். "சேறு இருந்தப்போ வாய்க்கா அடைக்குதுன்னு அழுதே. இப்போ சேறு இல்லேன்னு அழறே. உன்னைத் திருப்திப்படுத்த ஆண்டவனாலயும் ஆகாது சிரிலு."

"அலைக்கு இப்போ மறிப்பு இல்லக்கா. நேரா வருது. கோட்டுக்கு மேல போச்சுன்னா உள்ளிழுப்புல கதவு தூணுப் பள்ளத்துல சிக்கிக்கும். அப்புறம் பத்து ஆள் ஏறி மிதிச்சாலும் எறங்காது."

கடை வாசலில் மோபி என்ற மரப்பட்டைச் சாறு குடித்துக்கொண்டிருந்த லென்னக்ஸ் சிரித்தான். லென்னக்ஸ் சிரிலின் மருமகன், ஒரே மகள் வஷ்டியின் புருஷன், சொந்தப் படகு வைத்திருப்பவன். அவன் கறுப்புப் பையன் என்பதால் சிரில் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முறுக்கிக்கொண்டு நின்றவர். பிறகு மனசு மாறி, இப்போது மகளைவிட மருமகனோடுதான் அதிகம் பேசுவார். இது ஊருக்கே தெரியும். முறுக்கிக்கொண்டு நின்றதும் ஊருக்குத் தெரியும்.

"மாமா, நான் வந்தாலும் மூடிடுவீங்களா?"

"எங்கப்பனே எழுந்து வந்தாலும் மூடுவேன்."

"அவரு கப்பல்ல வந்த பரம்பர, நீந்தி வந்துடுவாரு. எனக்குத்தான் மாமனார் வீட்டுச் சோறு தின்னு ஒடம்பு கனத்துப்போச்சு."

கடை முழுக்கச் சிரித்தது. சிரிலும் சிரித்துவிட்டார். அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார் என்று எனக்குத் தோன்றுகிறது. சிரித்துச் சொன்ன பேச்சை யார் சட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள்?

பங்குனிப் பௌர்ணமியன்று ஹோலி. இங்கே பக்வா என்போம். சாமி பேதம், நிற பேதம் இல்லாமல் ஊரே சாயத்தில் குளிக்கும். வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் கடல் சரியில்லை. எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை, நீள நீளமாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏற்றம் உச்சிக்கு வர வேண்டும். மூன்றரைக்கே அணைமேட்டில் நண்டுகள் சாரி சாரியாக ஏறி ஊர்ப்பக்கம் இறங்கின. சாய வாளியோடு ஓடியவர்கள் அவற்றைத் தாண்டி ஓடினார்கள்.

சிரில் தண்டவாளத் துண்டைத் தட்டினார். கதவு இறங்கப்போகிறது என்பதற்கு அது அடையாளம். வெளியே போயிருந்த படகுகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டிருந்தன, ஒன்றைத் தவிர. பண்டிகைக்கு மீன் விலை ஏறும் என்று லென்னக்ஸும் கூட்டாளி புட்சியும் விடியற்காலையிலேயே போயிருந்தார்கள்.

வஷ்டி மதகுமேடைக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிவப்புச் சாயம்.

"அப்பா, அதோ வராரு. தெரியுது பாரு."

தெரிந்தது. நீலமும் மஞ்சளும் அடித்த படகு, அலை உச்சியில் ஒரு தரம் தெரியும், பள்ளத்தில் மறையும். வந்து சேரக் கால்மணி ஆகும். தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல்கடை கீழே இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் கோட்டைத் தொட்டுத் தொட்டு இறங்கியது.

"அப்பா, இரு."

அவர் சங்கிலிச் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தார். பின்னால் ஊர் தெரிந்தது: தகரக் கூரைகள், அறுக்கப் பதினைந்து நாள் இருந்த நெல், தெருவில் பாட்டு. எல்லாம் அவர் கால் மட்டத்துக்குக் கீழே.

"அப்பா, வர்றது அவருப்பா."

"தெரியும்மா," என்று சொல்லிக்கொண்டே அவர் சக்கரத்தைச் சுற்றினார். கதவு இறங்கியது. மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் குத்தினாள். அவர் கடைசிச் சுற்றுவரை சுற்றி முளையை அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

படகு வந்தது. திரும்பிப் போகவும் வழியில்லை, ஒதுங்க முன்போல் அமைதித் தண்ணீரும் இல்லை. சிரில் மேலேயிருந்து கயிறு வீசினார். புட்சி பிடித்துக்கொண்டான், அப்பனும் மகளுமாக அவனை இழுத்துத் தூக்கினார்கள். லென்னக்ஸ் படகின் மூக்கு கதவில் மோதாமல் துடுப்பால் தாங்கிக்கொண்டிருந்தான். படகு மோதியிருந்தால் கதவு பிளந்திருக்கும் என்று பிற்பாடு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பித் தூணில் அடித்தது. அதற்குப் பிறகு அவன் தெரியவில்லை.

இருபது நிமிஷம் கழித்து, கிழக்கே அரை மைல் தள்ளி, மாடுகள் ஏறி இறங்கித் தேய்ந்திருந்த இடத்தில் கடல் அணையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

நெல் போயிற்று. கோழிகள் போயின. வீடுகளில் முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். மதகும் திறந்திருந்தால் கழுத்தளவு வந்திருக்கும் என்று வடிகால் இலாகாவிலிருந்து வந்த அதிகாரி சிரிலின் கையைக் குலுக்கிச் சொன்னார். ஊரில் ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. வந்த தண்ணீரைத்தான் ஜனங்கள் அளப்பார்கள், வராத தண்ணீரை யார் அளப்பார்கள்? இரண்டாம் நாள் லென்னக்ஸின் உடல் நாலு மைல் மேற்கே ஒதுங்கியது, சேறு போன அதே திசையில்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன? கதவை மூடி என்னத்தக் காப்பாத்துனாரு?" என்று தெருவில் கேட்டார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "கறுப்பு மருமகன்னா கதவு கொஞ்சம் சீக்கிரமே எறங்கும்போல," என்றும் ஒரு வாய் சொல்லியது. அது கடைக்குக் கடை தாவியது. சிரில் உப்புத் தண்ணீரை வெளியேற்றப் பதினோரு நாள், கடல் வற்றும் போதெல்லாம் அந்தக் கதவைத் தூக்கி, ஏறும் போதெல்லாம் இறக்கினார். வஷ்டி அடுத்த வீட்டில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரம் மூடியபடியே வாசலில் கிடக்கும்.

அணையின் உடைப்பை அடைத்தபின் எனிட் அம்மாளின் கடையில் ஊர் கூடியது.

"நீ கெட்டவன் இல்ல சிரிலு. அது எனக்குத் தெரியும்," என்றாள் எனிட் அம்மாள். "ஆனா இனிமே பழையபடிதான். படகு கண்ணுல பட்டா கதவு விழக் கூடாது. இன்னொரு பொண்ணு அந்த மேடையில நின்னு அழறத நாங்க பாக்க மாட்டோம்."

"சேறு இன்னும் வரலக்கா."

"வரும்போது வரட்டும்."

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள், ஏற்றம் கனமாக இருக்கும் நேரம். அணைமேட்டில் ஈஸ்டருக்கு ஊரே விடும் பட்டங்களை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் அன்றும் நீள அலையாக வந்தது, கொஞ்சம் தணிந்து. சிரில் இரும்பைத் தட்டக் கையை ஓங்கியபோது தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. தன் அண்ணனின் படகை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்த புட்சி.

மேடைப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. வஷ்டி வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். இளைத்திருந்தாள்.

"நில்லுப்பா," என்றாள். கத்தவில்லை, கெஞ்சவுமில்லை.

தண்ணீர் கோட்டைத் தொட்டது. அவர் கை சக்கரத்தில் இருந்தது. பின்னால் ஊர் அப்படியேதான் இருந்தது, கூரைகளும், உப்புப் பூத்து வெளுத்த வயலும், புதிதாக விதைக்க உழுதிருந்த இரண்டு துண்டு நிலமும். இப்போது மூடினால் இவள் இனி இந்த ஜன்மத்தில் பேச மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அவர் கையை எடுத்தார்.

பத்து நிமிஷம். புட்சி கதவுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். சிரில் சக்கரத்தைச் சுற்றினார். கதவு பாதியில் சிக்கியது. கால்வாய்த் தண்ணீர் எதிர்த்திசையில் சுழித்து ஓட ஆரம்பித்தது. நாலு ஆள் ஓடிவந்து கதவின் மேல் தொங்கி, சம்மட்டியால் அடித்து, எப்படியோ இறக்கிவிட்டார்கள். ஜனம் கை தட்டியது. புட்சி ஒரு கொத்து மீனைச் சிரிலின் கையில் திணித்து, "சிரிலண்ணே, நீ மனுஷன்," என்றான்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல," என்றாள் வஷ்டி. "வாப்பா, வீட்டுக்கு. பருப்பு வச்சிருக்கேன்."

அவள் மீனை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சிரிலுக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம். அடுத்த பௌர்ணமிக்கும் அதற்கடுத்த பௌர்ணமிக்கும் தன்னால் மூட முடியாது என்பதும் அதே நேரத்தில் அவருக்குத் தெரிந்தது. படி இறங்குமுன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வெளியே தண்ணீர் வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஒரு சாண் நின்றது. உச்சி ஏற்றத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது.