நஞ்சில் ஒட்டியிருந்த சர்க்கரை

எண்பதுகளில் ஒருநாள் தோணிரேவு ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. தொழிற்சாலைக் கழிவே காரணம் என்றனர் ஊரார். சென்னை ஆய்வகத்தில் பணியாற்றிய என் மகள், அந்நீரிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சின் மூலக்கூறு அமைப்பைக் கணிப்பொறிக்குக் கொடுத்தாள். அதில் சர்க்கரைக் கூறு ஒன்று ஒட்டியிருப்பதை அது அடையாளம் காட்டியது.

“கழிவுல இது இருக்காது பெரிப்பா. மீனை மயக்குற காட்டுக்கொட்டைலதான் இருக்கும். மீன் புடிக்க நம்மாளுங்கதான் கலக்கியிருக்காங்க,” என்று பஞ்சாயத்தில் தலைவரிடம் சொன்னாள்.

“இன்னாம்மா, உன் கம்ப்யூட்டர் பொட்டி வந்து பாத்துச்சா?” என்றார் அவர். ஊரே சிரித்தது. ஏரியில் முறைவைத்து வலையிடும் ‘பாடு’ உரிமையை எங்கள் குடும்பத்திடமிருந்து அன்றே பறித்தனர்.

மாலையில் அவர்களே கோயிலில் நஞ்சுண்ட பெருமானை உருகிப் பாடினர். ஏரியில் நஞ்சிட்டவன் குரலும் அக்குரல்களுள் இருந்திருக்கும். அதன்பின் நான் அக்கூட்டத்தில் பாடியதில்லை. இறைவனைத் தனியே பாடுகிறேன்.